நிற்கிற வேலை

முதல் அடி சாப்பாட்டுத் தட்டின் மேல்தான் விழுந்தது.

டிரைவர் அப்போதுதான் ஒரு வாய் சாப்பிட்டிருந்தான். அடுத்த வாய்க்குக் கை போகும்போது தட்டு பறந்து சுவரில் மோதி, கதவு வரைக்கும் உருண்டு போய், கிறுகிறுவென்று சுற்றிக் கவிழ்ந்தது. சட்டையெல்லாம் சோறு. தட்டிவிட்ட கை இன்னும் அந்தரத்திலேயே நின்றது. அது அவன் மனைவியின் அண்ணன் கை. நகரசபைத் தொழிலாளர் சங்கச் செயலாளரின் கை.

மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கிற குரல் செயலாளருக்கு. அன்று சாயங்காலம் அது தணிந்து வந்தது. கத்தியிருந்தால் டிரைவருக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"நாளைக்குக் காலையில குப்பை லாரி எடுக்கிறேன்னு கமிஷனர்கிட்ட கையெழுத்துப் போட்டுக் கொடுத்தியாமே மாப்ள?"

"கொடுத்தேன் மச்சான்."

"உக்காந்து சாப்பிடுறியே, இந்தக் குவார்ட்டர்ஸ் யார் வாங்கிக் கொடுத்தது? கமிஷனர் வீட்டுச் சீதனமா? சங்கம் ரோட்டுல படுத்து, லத்தியடி பட்டு வாங்கினது."

"அது போயிடக் கூடாதுன்னுதான் கொடுத்தேன். நாளைக்கு வண்டி எடுக்காதவன் வேலை கான்ட்ராக்டுக்குப் போயிடும், வீட்டைக் காலி பண்ணணும்னு கேட்லயே ஒட்டிட்டாங்க. பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு எங்க போறது? உங்க ஆபீஸ் பெஞ்சுலயா?"

இரண்டாவது அடி அவன் கன்னத்தில் விழுந்தது. டிரைவர் எழுந்த வேகத்தில் செயலாளரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அவர் பின்னால் சரிந்தார். பாத்திர அலமாரியின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. டம்ளர்கள் சலசலவென்று கொட்டின. எழுந்த செயலாளர் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அறைந்தார். டிரைவர் அவர் மணிக்கட்டைக் கடித்தான்.

அடுப்படியிலிருந்து டிரைவரின் மனைவி வந்தாள். நகரசபை ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் அவளுக்கு நர்ஸ் வேலை. குடத்துத் தண்ணீரை அப்படியே இருவர் மேலும் கவிழ்த்தாள்.

"அடிச்சுக்கணும்னா ரெண்டு பேரும் தெருவுக்குப் போங்க. நாள் பூரா ரத்தம் துடைச்சுட்டு வர்றேன். வீட்டுலயும் துடைக்க எனக்கு எவனும் ஓவர்டைம் தர்றதில்லை."

இருவரும் நனைந்து நின்றார்கள். அவள் அண்ணனை ஸ்டூலில் உட்கார வைத்து நெற்றியில் பஞ்சை அழுத்தினாள். புருஷன் பக்கம் திரும்பவில்லை.

எல்லாச் சண்டையும் ஒரே ஒரு ஆளைப் பற்றியது. லாரிக்குப் பின்னால் நிற்கிற ஆள்.

அந்த ஊரின் சந்துகளில் குப்பை லாரி முன்பக்கமாக நுழைந்தால் திரும்ப இடம் இருக்காது. முக்கில் திருப்பி, பின்பக்கமாகத்தான் விட வேண்டும். டிரைவருக்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரியாது. குழந்தை இருக்கும், சைக்கிள் இருக்கும், வாசலில் கோலூன்றி நிற்கிற கிழவர் இருப்பார். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள். பின்னாள் என்று பெயர். அவன் கழுத்தில் விசில் தொங்கும். ஒரே நீளமாக ஊதினால் நில். குட்டி குட்டியாக இரண்டு ஊதினால் வா. அந்த இரண்டு விசில் கேட்காமல் எந்த டிரைவரும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க மாட்டான். கேட்டுவிட்டால் கால் தானே எடுத்துக்கொள்ளும். மூளையைக் கேட்காது.

இந்த ஏற்பாடு சும்மா வரவில்லை. செயலாளருக்கும் டிரைவரின் மனைவிக்கும் அப்பா ஒரு துப்புரவுத் தொழிலாளி. ஒரு சந்தில் பின்னால் வந்த லாரி அவரைச் சுவரோடு வைத்து நசுக்கியது. மகனுக்கு அப்போது மீசை சரியாக முளைக்கவில்லை. பிணத்தைக் கொண்டுபோய் லாரி ஷெட் கேட் முன்னால் கிடத்தி, பக்கத்தில் தானும் படுத்துவிட்டான். வண்டிக்கொரு பின்னாள் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எழுந்தான். எழுந்தபோது அவன் செயலாளர்.

அதன் பிறகு சங்கம் கேட்டதெல்லாம் கிடைத்தது. சம்பளம் ஏறியது. ஆள் கூடியது. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் சங்க ஆபீசில்தான் முதலில் டீ குடித்தார்கள். வாங்கிய ஓட்டுக்குப் பதிலாக இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள். நகரசபையின் வரவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சாலையில் குழி விழுந்தால் விழுந்ததுதான். ஆஸ்பத்திரியில் இரண்டாவது நர்ஸ் ஓய்வுபெற்றுப் போனாள், அந்த நாற்காலியில் இப்போது பஞ்சு மூட்டை உட்கார்ந்திருந்தது. கேட்டால், எல்லாம் சம்பளத்துக்கே போய்விடுகிறது என்று நகரசபை கை விரித்தது.

புதிதாக வந்த கமிஷனர் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சும்மா நிற்கிறதுக்கு ஒரு சம்பளமா?"

ஊரே சிரித்தது. பஸ்ஸில், கடையில், சலூனில் அதே பேச்சு. "உனக்கென்னப்பா, நிற்கிற வேலை!" என்று பின்னாட்களைப் பார்த்துக் கேலி செய்தார்கள். நகரசபை ஊதிப் பெருத்துவிட்டது, பின்னாட்களை எடுத்தால்தான் இளைக்கும் என்றார் கமிஷனர். பெருத்தது உங்கள் மாடி ஆபீஸ், அதை முதலில் இளைக்க வையுங்கள் என்றார் செயலாளர். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை முடியவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கி, தெருமுனையெல்லாம் குப்பை மலை எழும்பி, ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு சங்கத்தைத் திட்டியது.

நெற்றிப் பஞ்சோடு ஸ்டூலில் இருந்த மச்சானைப் பார்த்து டிரைவர் சொன்னான்:

"கமிஷனர் கேட்டதுல என்ன தப்பு? என் வண்டிக்கு நீங்க போட்ட பின்னாள் யாரு? உங்க வீட்டுக்காரியோட தம்பி. ஊரே அவனை நிழல்னு கூப்பிடுது. நிழலாவது வெயில் அடிச்சாத் தெரியும். இவன் காலையில வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனா சம்பளத்தன்னைக்குத்தான் தெரிவான். நான் பின்னாடி ஆளே இல்லாம, கழுத்தை வெளியில நீட்டி நீட்டி வண்டி விடுறேன். போன மாசம் ஒரு குழந்தை... மயிரிழை மச்சான். இன்னும் தூக்கம் வரலை."

"அவனைப் போல எத்தனை பேர் இருக்கான்? அங்கொருத்தன் இங்கொருத்தன். அதுக்காக மொத்தத்தையும் எடுப்பானா?"

"எனக்கு ஒரு ஆளைக் கொடுங்க. நிழலை எடுத்துட்டு வேலை தெரிஞ்சவனைப் போடறேன்னு இப்ப, உங்க தங்கச்சி முன்னாடி சொல்லுங்க. கையெழுத்தாவது மண்ணாவது, நாளைக்கு நானும் கேட் முன்னாடி வந்து படுக்கிறேன். வீடு போனாப் போகட்டும்."

செயலாளர் நெற்றிப் பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ரத்தம் ஒட்டியது.

"இப்ப அவனைத் தொட்டா, பார்த்தியா நான் சொன்னேன்ல, சும்மா சம்பளம் வாங்கறான்னு கமிஷனர் குதிப்பான். ஸ்டிரைக் முடியட்டும் மாப்ள."

"அப்ப வண்டியும் போகட்டும்."

செயலாளர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டியபடி தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கு உன் புருஷன் கேட்டைத் தாண்டினா, எனக்குத் தங்கச்சி இல்லை."

அவள் தரையில் சிதறியதைக் கூட்டி அள்ளினாள். தட்டை எடுத்துப் பார்த்தாள். விளிம்பு நசுங்கியிருந்தது. அலம்பிக் கவிழ்த்து வைத்தாள்.

காலையில் ஷெட்டில் டீசல் வாடையும் அழுகல் வாடையும் கலந்து அடித்தது. கையெழுத்துப் போட்ட டிரைவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவன் பின்சுவர் வழியாக வந்து சேர்ந்தபோது காது பாதி தொங்கியது. சங்கத்துக்காரர்கள் வழியிலேயே பிடித்துவிட்டார்களாம். கைக்குட்டையைக் காதோடு அழுத்திக்கொண்டு, "எனக்கு முடியாதுப்பா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று ஷெட் மூலையில் உட்கார்ந்து அழுதான்.

டிரைவர் ஆயில் பார்த்தான், தண்ணீர் ஊற்றினான், டயரைத் தட்டிப் பார்த்தான். பழக்கம். போலீஸ் கேட்டைத் திறந்தது. லாரியின் முகம் வாசலுக்கு வந்ததும் வெளியே கூட்டம் ஒரே குரலில் எழுந்தது.

"கருங்காலி! கருங்காலி!"

தெரிந்த முகங்கள். நேற்று வரை பீடிக்கு நெருப்புக் கொடுத்த முகங்கள். முதல் கல் முன்கண்ணாடியில் விழுந்து வலை போல விரிசல் விட்டது. அடுத்த கல் உள்ளே வந்து அவன் தோளைப் பெயர்த்தது. கட்டையோடு ஓடிவந்தவன் இரண்டு பக்கக் கண்ணாடியையும் அடித்து நொறுக்கினான். போலீஸ் லத்தியைச் சுழற்றியது. ஒரு தலையில் மடேரென்று பட்ட சத்தம் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்டது. ஒருவன் பம்பரைப் பிடித்துத் தொங்கினான், இன்னொருவன் சக்கரத்துக்கு முன்னால் மல்லாந்து படுத்துச் சட்டையைக் கிழித்துக்கொண்டான்.

"ஏத்துடா! தைரியம் இருந்தா ஏத்துடா!"

இதற்கு மேல் முடியாது என்று டிரைவருக்குப் பட்டது. மனுஷன் மேல் ஏற்றி வீட்டைக் காப்பாற்ற வேண்டியதில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து ஷெட்டிலேயே விட்டுவிட்டு, சாவியை எறிந்துவிட்டுப் போய்விடலாம். ரிவர்ஸ் போட்டான். பிரேக்கில் கால். பின்னால் யார் இருக்கிறார்களோ. கண்ணாடி இல்லை. கழுத்தை நீட்டினால் கல் வந்தது.

அவனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பக்கச் சுவரேறிக் குதித்த செயலாளர், பின்சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட வண்டிக்கு அடியில் குனிந்திருந்தார். டயர் போனால் வண்டி நகராது, தங்கை புருஷனும் பிழைப்பான் என்பது அவர் கணக்கு.

சுவர் மேல் நிழல் உட்கார்ந்திருந்தான். வேலைக்கு ஒரு நாளும் போடாத காக்கிச் சட்டையைப் போராட்டத்துக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மடிப்புக் கூடக் கலையவில்லை. கழுத்தில் புத்தம் புது விசில். கோஷத்துக்குத் தாளம் போட்டு ஊத வேண்டும் போல அவனுக்கு உற்சாகம் வந்தது. ஊதினான்.

குட்டி குட்டியாக, இரண்டு.

கூட்டத்தில் இருந்த பின்னாட்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் வெளுத்தது. தெரிந்தவன் எவனும் லாரி பக்கத்தில் விளையாட்டுக்குக் கூட அப்படி ஊத மாட்டான். எறியப் போன கல் கையிலேயே நின்றது. "டேய், நிறுத்துடா!" என்று யாரோ அலறினார்கள். ஒருவன் தன் விசிலைத் தேடி வாய்க்குக் கொண்டுபோனான்.

அதற்குள் டிரைவரின் கால் எடுத்துவிட்டது. எத்தனையோ நாளாக அவன் காது ஏங்கிக் கிடந்த சத்தம் அது. கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. அப்பாடா, பின்னால் ஆள் இருக்கிறான்.

வண்டி பின்னால் போனது. ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியது. அந்தக் குரல் கேட்டது. தெருக்கோடி வரை கேட்கிற குரல்.

அவனை வெளியே இழுத்தது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. கால்கள்தான் தெரிந்தன. விலாவில், முதுகில், வாயில் உதைத்தார்கள். பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. லாரிக்கு அடியில் மச்சானின் முகம் அவனைப் பார்த்தபடியே கிடந்ததுதான் கடைசியாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் செயலாளரின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒரே நர்ஸ், ஓடி ஓடிப் பார்த்தாள். அண்ணனின் கால்சட்டையைக் கத்தரித்துப் போட்டது தங்கைதான். கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் புருஷன், பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். புருஷன் தலையைப் பிடித்துத் திருப்பி, கிழிந்த இடத்தில் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்த்தாள்.

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். டிரைவரின் பெஞ்சுக்கும் செயலாளரின் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். டிரைவருக்கு எல்லாம் கேட்டது. முதலில் கேட்டது சங்கப் பொருளாளரின் குரல். இன்ஸ்பெக்டர் உள்ளே வருவதற்கு முன்னாலேயே அவர் கட்டில் ஓரத்தில் குனிந்திருந்தார்.

"தலைவரே, ஒரே வார்த்தை. வேணும்னே ஏத்தினான்னு சொல்லிடுங்க. கமிஷனரோட கருங்காலி தலைவர் காலை எடுத்துட்டான்னு ஊர் நம்ம பக்கம் திரும்பிடும். நாம கேட்டது அத்தனையும் கிடைக்கும்."

"அவன் ஜெயிலுக்குப் போவானே."

"போகட்டும். நம்ம ஆளுங்க குடும்பம் எத்தனை, யோசிச்சீங்களா?"

டிரைவரின் மனைவி திரைக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். மருந்துத் தட்டில் கத்தரிக்கோல் அசையும் சத்தம் கேட்டது. அண்ணனிடம் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் வந்து நின்றது.

"டிரைவர் உங்களைப் பார்த்துட்டே வண்டியை விட்டாரா?"

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்ல சார். ரெண்டு விசில் கேட்டுச்சு. அதுக்கு வான்னு அர்த்தம். அவன் வந்தான்."

"ஊதினது யாரு?"

"தலைவரே!" என்றார் பொருளாளர்.

"என் வீட்டுக்காரியோட தம்பி. அந்த வண்டிக்குப் பின்னாள்னு பேர். ஒரு நாளும் வண்டிக்குப் பின்னாடி நின்னதில்லை. ரெண்டு விசிலுக்கு என்ன அர்த்தம்னே அவனுக்குத் தெரியாது. நான்தான் போட்டேன். எங்கப்பா செத்ததுக்கு வாங்கின வேலையை, நான் எடுத்து மச்சினனுக்குக் கொடுத்தேன். எழுதிக்கோங்க."

எதுவோ தரையில் விழுந்து உருண்டது. பொருளாளர் ஸ்டூலை எட்டி உதைத்துவிட்டுத் திரையைக் கிழிக்காத குறையாக வெளியே வந்தார். பெஞ்சில் இருந்த டிரைவரின் முகத்தில் காறித் துப்பினார். அவன் துடைக்கவில்லை.

டிரைவரை விட்டுவிட்டார்கள். கமிஷனருக்கு அதற்கு மேல் வாதாடவே தேவையிருக்கவில்லை. ஆள் இல்லாமலே வண்டி ஓடியது என்று செயலாளரே சொல்லிவிட்டாரே! நின்றவன், நிற்காதவன், வேலை தெரிந்தவன், நிழல் எல்லோரையும் ஒரே உத்தரவில் எடுத்தார். நாலு பேர் நிழலின் வீட்டுக்குப் போய் அவன் கையை முறித்துவிட்டு வந்தார்கள். செயலாளரின் மனைவி, "தம்பியைக் காட்டிக் கொடுத்த ஆளுக்கு நான் கஞ்சி ஊத்தணுமா?" என்று கேட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனாள். செயலாளர் ஊன்றுகோலோடு தங்கை வீட்டுக்கு வந்தார். வேலைநிறுத்தம் உடைந்தது. சங்கம் வேறு செயலாளரைத் தேடிக்கொண்டது.

நகரசபை இளைத்ததா என்றால், அதுவும் இல்லை. வண்டி விட்ட டிரைவர்களில் எவனுக்கும் பிரேக்கிலிருந்து கால் வரவில்லை. ஒவ்வொரு சந்திலும் இறங்கினார்கள், பின்னால் போய்ப் பார்த்தார்கள், ஏறினார்கள், ஏறியதும் சந்தேகம் வந்து மறுபடி இறங்கினார்கள். பாதித் தெரு பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்தது. மிச்சத் தெருவுக்கு நகரசபை வாடகை லாரி பிடித்தது. நிற்கிற ஆளின் சம்பளம் மிச்சமாகி, நிற்கிற வண்டியின் வாடகையாகப் போனது.

டிரைவர் வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்காரும்போது மச்சான் தினமும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"இறங்கிப் பார்த்தியா மாப்ள?"

"பார்த்தேன் மச்சான்."

வேறு பேச்சு இல்லை. அதோடு சாப்பாடு இறங்கும்.

கோடை ஏறிய சமயம். சூப்பர்வைசர் ஸ்கூட்டரில் வண்டிக்குப் பின்னாலேயே சுற்றினான். "என்னய்யா, வண்டி ஓட்டுறியா, கண்ணாமூச்சி ஆடுறியா? இன்னொரு தடவை இறங்கினே, எழுதிப் போட்டுடுவேன்" என்றான். வெயிலும் தாகமும் சேர்ந்துகொண்டன. அந்தச் சந்தில் டிரைவர் இறங்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிவிட்டுப் பின்னால் விட்டான்.

சக்கரத்தின் அடியில் நொறுங்கியது.

குதித்து ஓடினான். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள். அப்பளமாகக் கிடந்தது. குழந்தை தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்ததாம். டம்ளரோடு வாசற்படியில் நின்று சைக்கிளையே பார்த்தது, பிறகு வீறிட்டது. தாய் ஓடிவந்து செருப்பைக் கழற்றி அவன் முகத்திலும் தலையிலும் மாற்றி மாற்றி அடித்தாள். அவன் கையைத் தூக்கவே இல்லை.

சாயங்காலம் தட்டின் முன் உட்கார்ந்தான்.

"இறங்கிப் பார்த்தியா மாப்ள?"

"பார்த்தேன்."

விரல்களுக்கு நடுவிலிருந்து சோறு உதிர்ந்தது. மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். கன்னத்தில் பதிந்திருந்த செருப்புத் தடத்தைப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊன்றுகோலை வீசினார்.

தட்டு பறந்தது. அதே சுவர். அதே கதவு வரை உருண்டு, நசுங்கிய விளிம்பில் தட்டித் தடுமாறிச் சுற்றிக் கவிழ்ந்தது.

இந்தத் தடவை டிரைவர் எழுந்திருக்கவில்லை. "குழந்தை உள்ளே போயிருந்துச்சு மச்சான்... உள்ளே போயிருந்துச்சு..." என்று அதையே சொல்லிக்கொண்டு, மேலெல்லாம் சோற்றோடு அழுதான். அவன் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். தண்ணீர்க் குடத்தைத் தேடவில்லை.

மச்சான் தரையைத் தடவி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில என்னையும் வண்டியில ஏத்திக்க."

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்ல. பின்னாடி இறக்கிவிடு."

"என்னண்ணா பேசற?" என்றாள் தங்கை. "ஒத்தக் காலை வெச்சுக்கிட்டு நீ என்ன வேலை பார்ப்ப? எவன் சம்பளம் தருவான்?"

"எவனும் தர வேணாம்."

அவர் சட்டைக்குள் கைவிட்டுக் கயிற்றை இழுத்தார். விசில் வெளியே வந்தது. யாரோ ஒரு பின்னாள் வருஷக்கணக்கில் ஊதிய பழைய பித்தளை விசில், நுனியெல்லாம் பல் பட்ட தடம். ஊன்றுகோலைத் தரையில் ஊன்றி, சுவரைப் பிடித்து, உடம்பு முழுக்க ஆட எழுந்து நின்றார். நின்றபின் ஆட்டம் அடங்கியது.

"நிக்கிறதுதானேம்மா வேலை."